ஓடைக்கரை என்று போட்ட பத்திரிகை

தம்பி,

அம்மாதான். நேற்று அரை மணி நேரம் போனில் பேசிவிட்டு இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் எப்படிப் பேசுவேன் என்று உனக்கே தெரியும். சாப்பிட்டாயா என்று ஆரம்பித்து, வேட்டிக் கரைக்குள் நுழைந்து, பந்தல்காரரைத் திட்டி முடித்துவிடுவேன். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். உட்கார்ந்து எழுதினால் அப்படி நழுவ முடியாது. அடுத்த வியாழக்கிழமை உனக்கும் சுமதிக்கும் கல்யாணம். அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தக் கல்யாணம் நடுவில் ஒரு வாரம் நின்றுபோயிருந்தது. நிறுத்தியது நான். சுமதி உன்னிடம் சொல்லவில்லை, உன் அப்பாவும் சொல்லவில்லை. பதறாதே, சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடாதே. இப்போது எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது.

முதலில் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நீ நிம்மதியாக மேலே படிப்பாய். பெண்ணாடத்திலிருந்து உன் அத்தை பத்து நாள் முன்னதாகவே வந்து இறங்கி அடுப்படியைப் பிடித்துக்கொண்டாள். என் வீட்டில் நான் டீ போட அவளிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. உன் அப்பா புதுச் செருப்பு வாங்கியிருக்கிறார். பழக வேண்டும் என்று வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடக்கிறார். நன்றாகக் கடிக்கிறது, ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டார். பத்திரிகை வைக்கப் போன வீட்டில் எல்லாம் டீ குடித்துக் குடித்து எனக்கு நாக்கு மரத்துப்போயிற்று. கால் வீங்கியிருக்கிறது, தொண்டை கட்டியிருக்கிறது. இத்தனை சந்தோஷமான களைப்பு உன்னைப் பெற்றெடுத்தபோதுகூட எனக்கு வந்ததில்லை.

இந்தக் கடிதத்தை வேறு யார் எடுத்துப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் முதலிலிருந்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள். நான் பத்தாவது வரை படித்தவள். விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் இரண்டு பக்கமும் கோடு மாதிரிப் பிசிறு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, ஒட்டிய இடமே தெரியாமல் செய்து சூளைக்கு அனுப்ப வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி. வீட்டிலும் அதே புத்திதான். பள்ளிக்கூடத்து வாசல்வரை சீப்போடு வந்து, உன் சிநேகிதர்கள் பார்க்க உனக்குத் தலை வாரிவிட்டு மானத்தை வாங்கினேனே, நீ இன்னும் அதற்கு என்னை மன்னிக்கவில்லை. பிறகு மகளிர் குழு வந்தது. குழுவிலிருந்து, பழங்குடி மக்களுக்காக வேலை செய்கிற ஒரு சங்கத்தில் களப்பணிக்கு எடுத்துக்கொண்டார்கள். சைக்கிள் ஓட்டுவேன், வாயும் நீளம். வேறு தகுதி எதுவும் அவர்கள் கேட்கவில்லை. அப்படித்தான் கருவேப்பிலங்குறிச்சி போகிற வழியில் இருக்கிற ஓடைக்கரை இருளர் குடியிருப்புக்குப் போக ஆரம்பித்தேன். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது.

அப்போது அங்கே இருபத்திரண்டு குடிசை. யாருக்கும் பட்டா இல்லை, பாதிப் பேருக்கு ரேஷன் கார்டு இல்லை. சுற்றுவட்டாரத்தில் எங்கே திருட்டுப் போனாலும் முதலில் ஜீப் வந்து நிற்பது அங்கேதான். முதல் நாள் என்னை யார் என்று கேட்காமலே ஒரு கோணியை உதறிப் போட்டு உட்காரச் சொன்னவள் அஞ்சலை. உன் வருங்கால மாமியார். அவள் புருஷன் ஏழுமலை வெள்ளாற்றில் மீன் பிடிப்பார், மில் ஓடுகிற மாதங்களில் இருவரும் கரும்பு வெட்டப் போவார்கள். நானும் அஞ்சலையும் ஏறாத ஆபீஸ் இல்லை. பட்டா வந்த அன்று அவள் அந்தத் தாளைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடைக்கரை முழுக்க ஆடிக்கொண்டே போனாள், பின்னால் நானும் ஆடினேன். அந்தக் கதையை நீ நூறு தடவை கேட்டிருக்கிறாய். ஆனால் சுமதியின் சாதிச் சான்றிதழ் கதையை நான் உன்னிடம் எப்போதும் பாதிதான் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு மீதியையும் சொல்கிறேன்.

சுமதி ப்ளஸ் டூ பாஸ் செய்தாள். ஓடைக்கரையில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. ஆசிரியர் பயிற்சியில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. பழங்குடி என்று சான்றிதழ் இருந்தால்தான் அந்த இடம் கிடைக்கும். அதற்கு ஓர் அதிகாரி நேரில் வந்து பார்த்து, இவர்கள் இருளர்தான் என்று எழுதித் தர வேண்டும். வருகிற செவ்வாய்க்கிழமை வருகிறார் என்று தகவல் கிடைத்ததும் எனக்குக் கை நிற்கவில்லை. இரண்டு நாள் முன்னதாகவே போய்விட்டேன். குடியிருப்பைப் பெருக்க வைத்தேன். கம்பெனித் தோழிகளிடம் கேட்டு வாங்கிய புடவைகளை இஸ்திரி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்து வாரி, பவுடர் பூசினேன். வலை, மீன் பரிக் கூடை, எலி வளை தோண்டுகிற கடப்பாரை எல்லாவற்றையும் எடுத்துக் கருவேலம் புதருக்குப் பின்னால் மறைத்தேன். ஏழுமலைக்கு உன் அப்பாவின் வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டேன். அதிகாரி கேட்டால் மரியாதையாக எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். நாடகத்துக்குத் தயார் செய்கிற மாதிரி மூன்று முறை ஒத்திகை வேறு பார்த்தேன்.

அவர் வந்தார். ஜீப்பை விட்டு இறங்கிச் சுற்றிலும் பார்த்தார். “இவங்களா இருளர்? பார்த்தா அப்படித் தெரியலையே” என்றார். பிறகு ஏழுமலையைக் கூப்பிட்டு, “எலி புடிப்பியா? பாம்பு புடிப்பியா?” என்று கேட்டார். ஏழுமலை என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, நான் சொல்லிக் கொடுத்தபடியே, “அதெல்லாம் இப்ப ஒண்ணும் இல்லீங்கய்யா” என்று பெருமையாகச் சொன்னார். அவ்வளவுதான். சான்றிதழ் கிடையாது என்று ஆயிற்று. அந்த வருடத்து இடம் போய்விட்டது. அந்த அதிகாரியை நான் திட்டாத திட்டு இல்லை. இருளர் என்றால் அழுக்காகத்தான் இருக்க வேண்டுமா என்று சங்கக் கூட்டத்தில் நான் பேசிய பேச்சுக்கு எல்லாரும் கை தட்டினார்கள். அவர் கேட்டது அநியாயம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் செய்தது என்ன என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இருக்கிறபடி அந்த மனிதர்களைக் காட்ட எனக்கே கூச்சமாக இருந்தது, தம்பி. அதனால்தான் வலையை ஒளித்தேன். இதைத்தான் இத்தனை நாள் நான் உன்னிடம் சொல்லாமல் விட்டேன்.

அடுத்த வருடம் நடந்தது உனக்கு நன்றாகத் தெரியும், நீயே அங்கே இருந்தாய். பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாய். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று உன்னை மனு எழுத இழுத்துக்கொண்டு போயிருந்தேன். இந்த முறை வந்தவர் வேறோர் அதிகாரி, ஒரு அம்மா. அவரும் அதே பாம்பில் ஆரம்பித்தார். சுமதி முன்னால் வந்து நின்று, கையைக் கட்டிக்கொள்ளாமல் கேட்டாள், “எங்கள பாம்பு புடிச்சுக் காட்டச் சொல்றீங்களேம்மா, உங்க சர்ட்டிபிகேட்டுக்கு நீங்க எத புடிச்சுக் காட்டினீங்க?”   அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். ஏழுமலையின் அண்ணன் தம்பிகள், அவர்கள் கும்பிடுகிற கன்னியம்மா கோயில், யார் வீட்டில் யார் பெண் எடுத்திருக்கிறார்கள் என்று முறையாக ஒவ்வொன்றாக விசாரித்து எழுதிக்கொண்டு போனார். பத்து நாளில் சான்றிதழ் வந்தது. அன்றைக்கு நீ மனுவில் மை கொட்டிவிட்டு, அது தெரியாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாய். உன் அம்மா அவ்வளவு ஒன்றும் குருடி இல்லை.

ஆறு மாதத்துக்கு முன் நீ வந்து, “அம்மா, நான் சுமதியக் கட்டிக்கப் போறேன்” என்றபோது என் முகம் மலர்ந்தது. அதில் பொய் இல்லை. உன்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், தெருவுக்கே சர்க்கரை கொடுத்தேன். எப்பேர்ப்பட்ட அம்மா என்று உன் சிநேகிதர்கள் பேசிக்கொண்டதாக நீ சொன்னாய், எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. ஆனால் பெண் கேட்டுப் போவது எப்போது என்று உன் அப்பா கேட்டபோது, “காதல் கல்யாணத்துக்கு அந்தச் சடங்கெல்லாம் எதுக்குங்க, நேரா பத்திரிகை அடிச்சிடலாம்” என்று சொல்லிவிட்டேன். நீயும் அதைக் கேட்டு, அம்மா முற்போக்கு என்று சிரித்தாய். முற்போக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. பெண் கேட்டுப் போனால் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர்கள் ஓடைக்கரையைப் பார்ப்பார்கள். அது எனக்கு வேண்டாமாக இருந்தது. உன் அத்தைக்கு நாக்கு எப்படி என்று உனக்குத் தெரியுமே, அவள் ஏதாவது சொல்லி அந்தச் சனங்கள் மனம் புண்பட்டுவிடக் கூடாது, அவர்கள் நல்லதற்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்திரிகை அடிக்கிற பாயிடம் ப்ரூப் வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை மதியம் ஓடைக்கரை போனேன். உனக்கும் காட்டவில்லை, உன் அப்பாவுக்கும் காட்டவில்லை. சுமதி அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள். கையில் சிவப்புப் பேனா. “வாங்க அத்தை” என்று எழுந்து வந்து ப்ரூப்பை வாங்கிப் படித்தாள். நான் அவள் படித்து முடிக்கும்வரைகூடப் பொறுக்காமல் ஆரம்பித்துவிட்டேன். டவுனில் மண்டபம் பார்த்திருக்கிறேன். உங்கள் பக்கம் இருபது பேர் வந்தால் போதும், வேன் அனுப்பிவிடுகிறேன். பெண்களுக்கு எல்லாம் ஒரே மாதிரிப் புடவை நானே எடுத்துவிட்டேன். யாராவது என்ன ஆட்கள் என்று கேட்டால் வெள்ளாற்றங்கரைப் பக்கம், விவசாய வேலை என்று சொல்லிக்கொள்ளுங்கள், மேலே ஒன்றும் பேச வேண்டாம். இப்படி ஒன்று விடாமல் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் ப்ரூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, “எங்க ஊரு எங்க?” என்று கேட்டாள். பத்திரிகையில் அவள் அப்பா பேருக்கு முன்னால் ‘விருத்தாசலம்’ என்று போட்டிருந்தேன். டவுன் பேர் என்றால் எல்லாருக்கும் தெரியும் அல்லவா என்றேன். அவள் அந்தப் பேரைச் சிவப்புப் பேனாவால் சுழித்தாள். பிள்ளைகள் தாளில் தப்பைச் சுழிப்பாளே, அதே மாதிரி. “இருளர்ன்ற அந்த ஒரு வார்த்தைய எழுதி வாங்க ரெண்டு வருசம் அலஞ்சோம் மேடம். நீங்களும்தான் அலஞ்சீங்க. இப்ப அத யாருகிட்டயும் சொல்லாதன்றீங்க. இந்தப் பத்திரிகைல இருக்கற பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியல. அவளயே அவருக்குக் கட்டி வைங்க. நான் வரல” என்றாள். சத்தம் போடவில்லை. வகுப்பில் பேசுகிற மாதிரிதான் பேசினாள். அத்தை என்று கூப்பிட்டவள் மேடம் என்று மாறியதுதான் எனக்கு முதலில் உறைத்தது. அஞ்சலை வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

அன்று சாயங்காலம் நீ போன் செய்து, “ப்ரூப் வந்துச்சாம்மா?” என்று கேட்டாய். பாய் ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன். பாவம் அந்த மனிதர், கடையை விட்டு எங்கும் போகவில்லை. அடுத்த நாளும் அதே பொய். மூன்றாம் நாள் அவருக்கு உடம்பு சரியில்லை என்றுகூடச் சொல்லிவிட்டேன். உன் கல்யாணத்தை நான் என் கையால் உடைத்துவிட்டேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கோபம் என்னவோ சுமதிமேல்தான் இருந்தது. எவ்வளவு செய்திருக்கிறேன், என்னை இப்படிப் பேசிவிட்டாளே என்று. செய்தவளுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அதைப் போலக் கேவலமான கோபம் வேறில்லை தம்பி. பன்னிரண்டு வருடச் சேவையையும் ஒரே மூச்சில் மனசுக்குள் சொல்லிக் காட்டினேன்.

நாலாம் நாள் காலையில் பொறுக்க முடியாமல் உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் சூளையில் சாமான் அடுக்குகிற வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ப்ரூப்பை வாங்கிப் பார்த்தார், சிவப்புச் சுழியைப் பார்த்தார். நாள் ஒன்றுக்குப் பத்து வார்த்தைக்குமேல் பேசாத மனிதர். “அன்னிக்கு ஏழுமலைக்கு என் சட்டய மாட்டி வுட்ட. இன்னிக்கு பத்திரிகைக்கு மாட்டி வுட்டிருக்க” என்றார். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது, பழைய சோற்றைச் சாப்பிட்டேன். சாப்பிட்டதும் போனை எடுத்து உன் அத்தையைக் கூப்பிட்டேன்.

“பொண்ணு யாருன்னு உங்களுக்கு நான் முழுசாச் சொல்லல அண்ணி. இருளர் வூட்டுப் பொண்ணு. ஓடைக்கரை. ஞாயித்துக்கிழமை முறையாப் பொண்ணு கேக்கப் போறோம். வரதுன்னா வாங்க, வராட்டியும் நாங்க போவோம்” என்றேன்.  லைன் போய்விட்டது என்று நினைத்தேன். “பஸ்ஸு எத்தன மணிக்கு?” என்றாள் உன் அத்தை. இவளைக் காட்டித்தானே இவ்வளவு நாள் என்னை நான் பயமுறுத்திக்கொண்டிருந்தேன்! அடுத்து இதே சேதியைச் சொன்னதும் என் அண்ணன்தான், உன் தாய்மாமன், போனை வைத்துவிட்டான். இன்றுவரை எடுக்கவில்லை. கல்யாணத்துக்கும் வருவான் என்று தோன்றவில்லை. அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அதைச் சுமக்க வேண்டாம்.

ஒன்பது பேர் போனோம். உனக்கு ஷிப்டு இருக்கிறது, பெரியவர்கள் போய்ப் பேசிவிட்டு வருகிறோம் என்று உன்னிடம் சொன்னேனே, அது இதுதான். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, ஒரு புடவை. முன்கூட்டி ஏழுமலையிடம் வருகிறோம் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தேன். அங்கே ஒன்றும் ஒழுங்கு பண்ணி வைத்திருக்கவில்லை. வீட்டு முன்னால் வலை காய்ந்துகொண்டிருந்தது. ஏழுமலை துண்டோடு வந்து எங்களைப் புங்கமரத்தடியில் பாயில் உட்கார வைத்தார். குடியிருப்பே கூடிவிட்டது. அஞ்சலை நடுவில் வந்து உட்கார்ந்து, பன்னிரண்டு வருடம் பழகியவள், என்னை முன்னே பின்னே பார்க்காதவள் மாதிரிக் கேட்டாள், “வந்தவங்க யாரு, எந்த ஊரு, என்னா சேதி?” பெண் வீட்டார் அப்படிக் கேட்பது முறைதானே. ஆனால் அன்றைக்கு அந்தக் கேள்விக்கு உட்கார்ந்தபடியே பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

எழுந்து நின்றுதான் சொன்னேன். எங்கள் ஊர் விருத்தாசலம், எங்கள் பையனுக்கு இருளர் வீட்டுப் பெண் சுமதியைக் கேட்டு வந்திருக்கிறோம் என்றேன். அதோடு நிறுத்தவில்லை. போன வாரம் நான் ஒரு பத்திரிகையோடு வந்தேன், அதில் உங்கள் ஊரை அழித்துவிட்டு வந்தேன், உங்களை ஒளித்து வைத்துக் கல்யாணம் செய்யப் பார்த்தேன், அது தப்பு என்று உன் அத்தை உட்பட எல்லார் முன்னாலும் சொன்னேன். உன் அத்தை வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தாள். அஞ்சலை, “பொண்ணக் கேட்டுச் சொல்றோம்” என்று உள்ளே போனாள். போனவள் வரவில்லை. காலிலே எறும்பு கடிக்கிறது, யாரும் அசையவில்லை. உன் அப்பா என் பக்கம் வெற்றிலைத் தட்டை மெதுவாக நகர்த்தி வைத்தார், ஏதோ அது எனக்கு உதவும் என்பது மாதிரி. ஒரு மணி நேரம் போலிருந்தது, பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

சுமதி வெளியே வந்தாள். “ஓடைக்கரைன்னு போடுவீங்களா?” என்று கேட்டாள். “பெரிசா, தங்க எழுத்துல போடுறேம்மா” என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பெரிசால்லாம் வேணாம் அத்தை. மத்த எழுத்து அளவுக்கே போடுங்க” என்றாள். அத்தை என்ற அந்த ஒரு சொல்லுக்கு நான் மறுபடி அழுதேன், உன் அப்பாவும் மூக்கை உறிஞ்சினார். பிறகு அஞ்சலை அவள் கட்டளையைச் சொன்னாள். மண்டபம் வேண்டாம், தாலி கன்னியம்மா முன்னால், இங்கேயே. “எங்க சனம் அம்புட்டுப் பேரும் இருப்போம். ஒங்க சனத்தயும் கூட்டியாங்க. யாரும் சிங்காரிச்சிக்கிட்டு வர வேணாம். உள்ளபடி வாங்க, போதும்” என்றாள். குடியிருப்பே கை தட்டியது. நான் எடுத்து வைத்த அந்த ஒரே மாதிரிப் புடவைகளை என்ன செய்தோம் என்று கேட்கிறாயா? கலர் நன்றாக இருக்கிறது என்று அவர்களே வாங்கிக்கொண்டார்கள், ஆனால் கல்யாணத்துக்குக் கட்ட மாட்டார்களாம்.

சம்மதம் ஆனதும் கை நனைக்க வேண்டும் அல்லவா. அஞ்சலை வயல் நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். இலை போட்டு எனக்கு முதலில் பரிமாறிவிட்டு, “இத்தினி வருசமா வரீங்க, இன்னிக்குத்தான் எங்க வூட்ல கை நனைக்கிறீங்க” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.  மக்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் சங்கத்துச் சட்டம் என்று சொல்லிச் சொல்லி, டிபன் பாக்ஸோடு போய் வந்தவள் நான். சங்கத்தில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. நானாகப் போட்டுக்கொண்டது. அந்த நேரத்தில் உன் அத்தை நண்டுக் காலை மடக்கென்று ஒடித்து உறிஞ்சிவிட்டு, “இன்னும் ரெண்டு போடும்மா, உடம்புப் பக்கமாப் பாத்துப் போடு” என்றாள். சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். எப்படி அரைத்தாய் என்று கேட்டுக்கொண்டே அஞ்சலையின் அடுப்புவரை போய்விட்டாள். இப்போது இருவரும் தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள், நடுவில் நான் எதற்கு என்று எனக்கே புரியவில்லை.

கை கழுவும்போது சுமதியிடம் மெல்லக் கேட்டேன், தம்பிக்குச் சொல்லிவிட்டாயா என்று. “இல்ல அத்தை. அது உங்க பேச்சு. நீங்கதான் அவருகிட்ட சொல்லணும்” என்றாள். அன்றிலிருந்து மூன்று வாரமாகப் போனில் உனக்குச் சொல்லப் பார்க்கிறேன். இதோ சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் நன்றாகத் திட்டு. முடிந்தால் கல்யாணம் கழிந்து திட்டு, இப்போது தொண்டை கட்டியிருக்கிறது, பதில் பேச முடியாது.

அம்மா கடிதம் என்றால் புத்தி சொல்லாமல் இருக்குமா, கொஞ்சம் கேட்டுக்கொள். நீ நல்ல பிள்ளை. எனக்குப் பயமே அதுதான். நானும் நல்லவள் என்றுதான் ஊரே சொல்கிறது. உன் கம்பெனியில் யாராவது, என்ன பெரிய மனசு உனக்கு, இப்படிப்பட்ட இடத்தில் பெண் எடுத்திருக்கிறாயே என்று தோளில் தட்டினால் சிரித்து வைக்காதே. அந்த இடத்திலேயே மறுத்துப் பேசு. அவளுக்குப் பதிலாக நீ எங்கேயும் பேசாதே, உன்னைவிட நன்றாகப் பேசுவாள், மை கொட்டியது ஞாபகம் இருக்கட்டும். மாமனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மூட்டை மூட்டையாகச் சாமான் கட்டிக்கொண்டு போகாதே, அவர்கள் நிவாரண முகாம் நடத்தவில்லை. மருமகனாகப் போ, போட்டதைச் சாப்பிடு, மாமனாரோடு ஆற்றுக்குப் போய் வலையைப் பிடி. வலை பின்னுவது இப்படி இருந்தால் சுலபம் என்று உன் டிப்ளமாவைக் காட்டாதே. அவள் கோபப்பட்டால் காரணம் இருக்கும். என்னைப் போல் நாலு நாள் எடுத்துக்கொள்ளாமல் அன்றைக்கே யோசி. உன் மாமன் என்றைக்காவது வந்தால் நாற்காலி போட்டு உட்கார வை, பழசைக் கிளறாதே.

இதுவரை எழுதியதை மடித்து எடுத்துக்கொண்டு இன்று மதியம் ஓடைக்கரை போனேன். அவர்களைப் பற்றி எழுதியதை அவர்கள் கேட்காமல் ஒட்டி அனுப்பக் கூடாது என்று தோன்றியது. அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது, நானே சத்தமாகப் படித்தேன். சுமதி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். மை கொட்டிய இடத்தில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. நண்டு வந்தபோது அஞ்சலை தொடையில் தட்டிச் சிரித்தாள். படித்து முடித்தேன். நல்லா இருக்குது என்பாள் என்று காத்திருந்தேன். “எல்லாம் சரி சம்மந்தி. நான் அழுததக் காணமே?” என்றாள். எனக்குப் புரியாத மாதிரி அவளைப் பார்த்தேன். “அன்னிக்கு அரிசி பொடச்சிக்கிட்டு இருந்தேன்னு எழுதியிருக்கீங்க. மொறத்துல ஒரு அரிசி இல்ல. நீங்க பாத்தீங்க” என்றாள். சுமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

அஞ்சலையின் வாசலில் உட்கார்ந்தே இதை எழுதுகிறேன், தம்பி. அன்று நான் இருபது பேர் போதும் என்று சொன்னபோதே அஞ்சலை அழ ஆரம்பித்துவிட்டாள். வெறும் முறத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். நான் பார்த்தேன். பார்த்தும் பேசுவதை நிறுத்தவில்லை, புடவை, மண்டபம் என்று முழுவதும் சொல்லி முடித்தேன். பிறகு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்து வந்தேன். பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். பிறகு முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, “இப்ப ஒட்டுங்க” என்றாள்.

அம்மா